ரிவார்டு பாயிண்டில் ஒரு வார இறுதிப் பயணம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்குத் தங்கள் கணக்கில் எத்தனை பாயிண்ட் சேர்ந்திருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்தவர்களும், பாயிண்ட் காலாவதியாகப் போகிறது என்ற செய்தி வந்ததும் அவசர அவசரமாக வங்கியின் பரிசுப் பட்டியலுக்குள் போய் ஒரு ஹெட்போனையோ பயணப் பையையோ எடுத்துவிடுகிறார்கள். பாயிண்டுக்கு மிகக் குறைந்த மதிப்பு கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான். அதே பாயிண்டுகளை வைத்துப் பக்கத்து நகரம் ஒன்றில் இரண்டு இரவு தங்கிவிட்டு வரலாம். குடும்பத்தோடு நீண்ட வெளிநாட்டுப் பயணம் போகும் அளவுக்குப் பாயிண்ட் சேர வருடங்கள் ஆகும். ஒரு வார இறுதிக்கு அவ்வளவு வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது இந்தச் சின்னப் பயணத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பயணம், பிறகு கணக்கு, அதற்குப் பிறகுதான் பாயிண்ட். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பாயிண்ட் இருக்கிறதே என்று ஊரைத் தேடினால், போக விருப்பமில்லாத ஊருக்கு, வசதிப்படாத நேரத்தில், கையிலிருந்தும் பணம் போட்டுப் போய்வர நேரிடும்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை

ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மெண்டில் வரும் முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுகிறீர்களா? ஆம் என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றால் பாயிண்டைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், முதலில் நிலுவையைத் தீருங்கள்.

சாதாரணக் கார்டு ஒன்று நாம் செலவழிப்பதில் 1 முதல் 2 சதவீதம் மதிப்புக்குத்தான் பாயிண்டாகத் திருப்பித் தருகிறது. நிலுவைக்கு வாங்கும் வட்டியோ ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போவது சகஜம். 40 சதவீதத்தைத் தாண்டும் நாடுகளும் உண்டு. மினிமம் டியூ, அதாவது பில்லில் குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது என்பதுதான் பெரும்பாலான கார்டுகளின் விதி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி தொடங்கிவிடும், பாயிண்டும் கிடைக்காது. முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவைப்பது நல்லது.

இந்தப் பாயிண்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்

இதைத் தெரிந்துகொண்டால் எந்தச் செலவுக்குப் பாயிண்ட் வரும், எதற்கு வராது என்பது தானாகவே புரியும். நீங்கள் கடையில் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. இன்டர்சேஞ்ச் கட்டணம் என்று அதைச் சொல்வார்கள். வங்கி அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத்தான் உங்களுக்குப் பாயிண்டாகக் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு கொண்டுவந்த விதி, தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கு இந்தக் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. அங்குள்ள கார்டுகள் அமெரிக்கக் கார்டுகளைப் போலத் தாராளமாகப் பாயிண்ட் தராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேறு நாட்டு நண்பர் ஒருவர் தன் கார்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டு அதே கணக்கை உங்கள் கார்டுக்குப் போடாதீர்கள்.

ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, உணவகத்துக்கு 5812 என்று போகும். உணவகச் செலவுக்கு ஐந்து மடங்கு பாயிண்ட் என்று வங்கி சொன்னால், அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கும். ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்ட பில் ஹோட்டல் குறியீட்டில் பதிவானால் உணவக போனஸ் வராமல் போகலாம். வாடகை, எரிபொருள், இன்சூரன்ஸ், அரசுக் கட்டணம், வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பாயிண்ட் இல்லை என்றோ குறைவு என்றோ பல கார்டுகள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் கார்டின் விதிமுறைத் தாளில் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

கையில் இருப்பது எந்த வகைப் பாயிண்ட்

மூன்று வகை உண்டு. முதல் வகை, நிலையான மதிப்பு கொண்டது. ஒரு பாயிண்ட் என்றால் இவ்வளவு பணம் என்று வங்கியே சொல்லிவிடும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை, விமான நிறுவனத்துக்கோ ஹோட்டல் குழுமத்துக்கோ மாற்றக்கூடிய வங்கிப் பாயிண்ட். மூன்றாவது, ஒரே நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட கார்டில் வரும் பாயிண்ட் அல்லது மைல் (விமான நிறுவனங்களின் பாயிண்டுக்கு அப்படிப் பெயர்). அது நேராக அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும்.

வார இறுதிப் பயணத்துக்கு இரண்டாவது வகை மிகவும் வளைந்துகொடுக்கும். ஆனால் மூன்றாவது வகையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஹோட்டல் கார்டுகள் சில, ஆண்டுக் கட்டணத்தோடு ஒரு இலவச இரவுச் சான்றும் கொடுக்கின்றன. தம்பதி இருவரும் தனித்தனியாக அந்தக் கார்டை வைத்திருந்தால் இரண்டு சான்று, அதாவது ஒரு முழு வார இறுதிக்கான தங்கல். சான்றுக்குக் காலக்கெடுவும், எந்த அளவு ஹோட்டல் வரை பயன்படுத்தலாம் என்ற வரம்பும் இருக்கும். அந்த ஒரு இரவின் விலை ஆண்டுக் கட்டணத்தைவிட அதிகமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊரும் தேதியும்

இரண்டு இரவுப் பயணத்தில் போக்குவரத்துக்கே நாள் கணக்கில் நேரம் போனால் ஒன்றும் மிஞ்சாது. வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை நான்கைந்து மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் ஊர்களாக மூன்றைப் பட்டியல் போடுங்கள். ஒன்று வேண்டாம், மூன்று வேண்டும். ஒன்றில் விமான இருக்கை கிடைக்காது, இன்னொன்றில் அறை விலை எகிறிக் கிடக்கும், மூன்றாவது ஊர் அமைந்துவிடும்.

தேதியிலும் இப்படிக் கொஞ்சம் இடம் விடுங்கள். வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்பும் விமானங்களுக்குத்தான் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். பாயிண்டுக்கு ஒதுக்கும் இருக்கைகள் அந்த நேரங்களில் மிகக் குறைவாகவே இருக்கும். சனி விடிகாலையில் கிளம்பித் திங்கள் முதல் விமானத்தில் திரும்பி நேராக வேலைக்குப் போக முடிந்தால் கதவு நன்றாகத் திறக்கும்.

ஊரின் குணத்தையும் பாருங்கள். அலுவலக வேலையாக வருகிறவர்களை நம்பியிருக்கும் நகரங்களில் வார நாட்களில் அறை விலை ஏறி, வார இறுதியில் இறங்கும். பிரஸ்ஸல்ஸ் அப்படிப்பட்ட ஊர். ஃப்ராங்க்ஃபர்ட்டில் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும் வாரம் அறை விலை பல மடங்கு ஆகிவிடும், மற்ற வார இறுதிகளில் அமைதியாக இருக்கும். சுற்றுலா நகரங்களில் இதற்கு நேர்மாறு, வெள்ளியும் சனியும்தான் உச்சம். இந்த வித்தியாசம் அடுத்து வரும் கணக்கில் பெரிய பங்கு வகிக்கும்.

கணக்கு: ஒரு பாயிண்ட் எவ்வளவு

முழு விஷயமும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது. பாயிண்ட் போட்டால் கையிலிருந்து போகாமல் மிஞ்சும் பணம் எவ்வளவோ, அதைச் செலவாகும் பாயிண்டால் வகுக்க வேண்டும். மிஞ்சும் பணம் என்பதில் கவனம் வையுங்கள். பாயிண்ட் போட்ட பிறகும் வரியோ கட்டணமோ கட்டவேண்டியிருந்தால் அதை முதலில் கழித்துவிட வேண்டும்.

ஓர் உதாரணம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், எண்ணை மட்டும் பாருங்கள். ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுக்கு வரியோடு சேர்த்து 9,000. அதே இரண்டு இரவுக்கு அந்த ஹோட்டலின் 15,000 பாயிண்ட். வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 0.60. பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் வங்கிப் பாயிண்ட் அந்த ஹோட்டலுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் மாறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்குச் செலவாவது 30,000 வங்கிப் பாயிண்ட், கிடைக்கும் மதிப்பு 0.30. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கணக்கை எப்போதும் உங்கள் கார்டில் இருக்கும் பாயிண்டில் போடுங்கள், ஹோட்டல் பாயிண்டில் போடாதீர்கள்.

இப்போது வங்கி அதே பாயிண்டை 0.25 என்ற மதிப்பில் பில்லில் கழிக்கத் தயாராக இருக்கிறதா? அதுதான் உங்கள் அடிமட்டம். 0.30 அதைவிட மேல், ஆகவே அறையை எடுக்கலாம். 0.20 வந்தால் பணம் கொடுத்து அறையை எடுத்துவிட்டு, பாயிண்டை பில்லில் கழித்துக்கொள்வதே லாபம். வார இறுதியில் விலை இறங்கும் நகரங்களில் இது அடிக்கடி நடக்கும். பணத்தில் விலை பாதியாகியிருக்கும், பாயிண்டில் அதே பழைய எண் நிற்கும். அந்த நேரம் பாயிண்டைத் தொடக் கூடாது. விலை எகிறிய வார இறுதியில் பாயிண்ட் எண் அவ்வளவாக ஏறாமல் இருந்தால், அதுதான் அள்ளிக்கொள்ள வேண்டிய தருணம்.

எல்லா ஹோட்டல்களும் இப்படி இல்லை. அக்கோர் குழுமத்தில் 2,000 பாயிண்ட் என்றால் 40 யூரோ கழிவு, கணக்கே வேண்டாம். மேரியட் 2022 முதல் நிலையான பாயிண்ட் விலைப் பட்டியலை விட்டுவிட்டு, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் பாயிண்ட் விலைக்கு மாறிவிட்டது. ஹயாட் குழுமத்தின் வேர்ல்டு ஆஃப் ஹயாட் திட்டம் ஹோட்டல்களை வகை பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. பட்டியல் வைத்திருக்கும் நிறுவனங்களில்தான் கூட்டமான வார இறுதிகளில் நல்ல மதிப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, ஐந்து இரவு பாயிண்டில் எடுத்தால் ஒரு இரவு இலவசம் என்று மேரியட் தரும் சலுகையைப் பற்றி நிறைய எழுதுவார்கள். நமக்கு இரண்டு இரவுதான், அது உதவாது.

பாயிண்ட் அறைக்கா, விமானத்துக்கா

வார இறுதிப் பயணம் என்றால் என் ஓட்டு பெரும்பாலும் அறைக்குத்தான். சிறு தூர விமானங்களில் டிக்கெட் விலையில் வரியும் விமான நிலையக் கட்டணமும் பெரும்பங்கு. பாயிண்ட் போட்டாலும் அவற்றை நாம்தான் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்து வாங்குகின்றன. மேலே போட்ட கணக்கையே விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். டிக்கெட் 4,000. பாயிண்டில் எடுத்தால் 8,000 பாயிண்டும் 1,800 வரியும். மிஞ்சுவது 2,200, அதாவது பாயிண்டுக்கு 0.275. பணம் கொடுத்து எடுத்தால் அந்த டிக்கெட்டுக்கு மைலும் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்தால் லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ரயில் நன்றாக ஓடும் இடங்களில் விமானத்தை மறந்தேவிடலாம். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். ரயிலுக்குப் பணம், அறைக்குப் பாயிண்ட் என்று பிரித்துக்கொண்டால் பயணமும் எளிது, கணக்கும் எளிது.

விமானம்தான் வேண்டுமென்றால் இரண்டு வழிகளைப் பாருங்கள். ஒன்று, தூரத்தை வைத்து விலை சொல்லும் மைல் திட்டங்கள். ஏவியோஸ் என்ற பாயிண்டை பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்னேர் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒரு நிறுவனக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். குறைந்த தூரத்துக்குக் குறைந்த பாயிண்ட் கேட்பதில் பெயர் பெற்றது இது. இன்னொன்று, மாதாந்தரத் தள்ளுபடி. ஏர் ஃப்ரான்ஸும் கேஎல்எம்மும் சேர்ந்து நடத்தும் ஃப்ளையிங் ப்ளூ திட்டம் ஒவ்வொரு மாதமும் சில வழித்தடங்களுக்கு மைல் விலையைக் குறைக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸும் அதே மாதிரிதான். ஆனால் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது, அதை நினைவில் வையுங்கள். மூன்று ஊர்ப் பட்டியல் போடச் சொன்னதன் பலன் இங்கே தெரியும்.

விமான நிறுவனங்களின் கூட்டணிகளையும் மறக்க வேண்டாம். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்டு 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கியவை. ஒரு நிறுவனத்தின் மைலை வைத்து அதே கூட்டணியின் இன்னொரு நிறுவன விமானத்தில் இருக்கை எடுக்கலாம். உங்கள் ஊரிலிருந்து பறக்கும் நிறுவனத்துக்கு உங்கள் வங்கி பாயிண்டை மாற்றித் தராவிட்டாலும், அதன் கூட்டாளிக்கு மாற்றித் தரலாம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். 30,000 வங்கிப் பாயிண்ட் வேண்டும். உங்கள் கார்டு 100க்கு 4 பாயிண்ட் தருகிறது. அப்படியானால் 7,50,000 செலவாக வேண்டும், கிடைப்பது 9,000 மதிப்புள்ள அறை, அதாவது 1.2 சதவீதம். மனதைக் கொஞ்சம் சோர வைக்கும் எண்தான், ஆனாலும் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எப்படியும் செய்யும் வீட்டுச் செலவுகளைக் கார்டில் போட்டு ஒரு வருடத்தில் சேரும் பாயிண்ட் இது. அதற்காகத் தேவையில்லாத ஒரு பொருளை வாங்கினாலும் அந்த 1.2 சதவீதம் கரைந்துவிடும்.

இதைச் சீக்கிரமாக்கும் ஒரே நேர்மையான வழி, புதுக் கார்டுக்குத் தரும் வெல்கம் போனஸ். முதல் சில மாதங்களில் இவ்வளவு செலவழித்தால் இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், வீட்டு வேலை என்று ஏற்கெனவே பெரிய செலவு வரப்போகும் மாதத்துக்குச் சற்று முன்னால் விண்ணப்பியுங்கள். அந்தச் செலவு வகை இலக்குக் கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு வந்த பாயிண்டும் திரும்பிப் போய்விடும், இலக்குக்குக் கீழே இறங்கினால் போனஸும் போகும். ஒரே நேரத்தில் நாலைந்து கார்டுக்கு விண்ணப்பிப்பது வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் வரலாற்றில் பதிவாகும், வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அது உறுத்தும்.

பாயிண்டை மாற்றும் நேரம்

வங்கிப் பாயிண்டை ஹோட்டலுக்கோ விமான நிறுவனத்துக்கோ மாற்றிவிட்டால் திரும்ப வராது. இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பகுதியைத் தனியாக எழுதுகிறேன். மாற்றும் முன் அறையோ இருக்கையோ உண்மையிலேயே இருக்கிறதா என்று, பாயிண்ட் விலையோடு, கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறொரு தளத்தில் பார்த்ததை நம்பாமல், எந்தக் கணக்கிலிருந்து புக் செய்யப் போகிறீர்களோ அந்த நிறுவனத்தின் தளத்திலேயே உள்நுழைந்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். கூட்டாளி நிறுவன இருக்கைகள் சில சமயம் பட்டியலில் தெரியும், கடைசிப் பக்கத்தில் காணாமல் போகும்.

மாற்றம் சில நிறுவனங்களுக்கு உடனே நடக்கும், சிலவற்றுக்கு நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் இருக்கை போய்விடலாம். அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இது. முதலில், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ஓர் அறையைப் பணம் கொடுக்கும் விலையிலேயே பிடித்துவையுங்கள். பிறகு போக்குவரத்தை உறுதி செய்யுங்கள். அப்புறம் பாயிண்டை மாற்றி, பாயிண்ட் அறையை எடுத்து, முந்தைய அறையை ரத்து செய்யுங்கள். எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும் தங்க இடம் இருக்கும்.

விமான நிறுவனக் கணக்கையும் ஹோட்டல் கணக்கையும் இன்றே திறந்துவிடுங்கள், இலவசம்தான். கார்டில் உள்ள பெயரும் அந்தக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் மாற்றம் சிக்கிக்கொள்ளும். வேண்டிய அளவு மட்டும் மாற்றுங்கள். மிச்சம் அந்தக் கணக்கில் கிடந்தால் காலாவதி ஆகும் அபாயம் உண்டு. ஹோட்டல் பாயிண்டை விமான மைலாக மாற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். மேரியட்டில் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மூன்று பாயிண்டுக்கு ஒரு மைல்தான் கிடைக்கும். ஒரு வார இறுதிக்காக அவ்வளவு இழக்க வேண்டியதில்லை.

வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் பாயிண்டைப் பணம் போலப் பயன்படுத்தலாம் என்ற வழியும் இருக்கிறது. விமானத்துக்கு அது பரவாயில்லை. ஹோட்டலுக்கு அப்படி எடுத்தால் மூன்றாம் நபர் மூலம் வந்த வாடிக்கையாளராகக் கருதுவார்கள். பெரிய குழுமங்களில் உறுப்பினர் பாயிண்டும் சலுகைகளும் பெரும்பாலும் கிடைக்காது, மாற்றம் ஏதாவது வேண்டுமென்றாலும் ஹோட்டலிடம் பேச முடியாமல் வங்கித் தளத்தின் உதவி எண்ணில்தான் காத்திருக்க வேண்டும். தனியார் சிறு விடுதிகளை விரும்புகிறவர்களுக்கு இந்த வழி நல்லது, அவை எந்தக் குழுமத்திலும் இருக்காது.

புக் செய்த பிறகும் வரும் செலவுகள்

இலவச இரவு என்றாலும் சில கட்டணங்கள் வரும். ரோம், பாரிஸ் போன்ற நகரங்களில் ஓர் இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நகராட்சி சுற்றுலா வரி உண்டு. பாயிண்டில் தங்கினாலும் பெரும்பாலும் அதைக் கட்ட வேண்டிவரும். அறை விலைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று அமெரிக்க ஹோட்டல்கள் பல வாங்குவதை, முழுக்கப் பாயிண்டில் எடுத்த இரவுகளுக்கு ஹில்டனும் ஹயாட்டும் வாங்குவதில்லை. வேறு சில குழுமங்களில் வாங்குவார்கள். புக்கிங் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும், அதை மதிப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

ரத்து விதியைப் பார்த்துக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். பாயிண்ட் அறைகளை வழக்கமாக வருகைக்கு ஓரிரு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம், பாயிண்ட் திரும்ப வரும். ஆனால் ஹோட்டல் கணக்குக்குத்தான் வரும், வங்கிக்கு வராது. ரத்து செய்யும் கெடுவுக்கு முந்தின நாள் பணத்தில் என்ன விலை என்று ஒருமுறை பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் பணத்துக்கு மாறிக்கொண்டு பாயிண்டை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விமான வரியை எந்தக் கார்டில் கட்டுவது என்பதும் முக்கியம். பயணக் காப்பீடு தரும் கார்டுகளில், அந்தக் கார்டிலேயே டிக்கெட் எடுத்திருந்தால்தான் காப்பீடு செல்லும் என்பது பரவலான விதி. பாயிண்ட் டிக்கெட்டின் வரியை மட்டும் கட்டினால் போதுமா என்று அந்தக் கார்டின் காப்பீட்டு விதிமுறையில் பாருங்கள். விமான நிலைய லவுஞ்ச் வசதியும் அப்படித்தான். முந்தைய மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் அனுமதி என்ற விதி இப்போது பல கார்டுகளில் வந்துவிட்டது.

ஊரில் இறங்கியதும்

வெளிநாட்டு நகரமென்றால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். 3 சதவீதமோ அதற்கு மேலோ போகலாம், பாயிண்டில் கிடைப்பதைவிட அது அதிகம். கட்டணமில்லாத கார்டு இருந்தால் பாயிண்ட் குறைவானாலும் அதையே பயன்படுத்துங்கள். கடையில் கருவி, உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் பணத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லும்போது மாற்று விகிதத்தில் கடைத்தரப்பு தன் லாபத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

லண்டன், சிங்கப்பூர், நியூயார்க் போன்ற நகரங்களில் மெட்ரோ ரயிலுக்கும் பேருந்துக்கும் டிக்கெட் வாங்க வேண்டியதே இல்லை, கார்டை வாயிலில் காட்டினால் போதும். லண்டனில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு வைத்து அதற்கு மேல் வாங்க மாட்டார்கள். அந்தச் சலுகை கிடைக்க, நாள் முழுக்க அதே கார்டை, அதே வடிவில் காட்ட வேண்டும். காலையில் போனிலும் மாலையில் பிளாஸ்டிக் கார்டிலுமாகக் காட்டினால் இரண்டு வெவ்வேறு பயணிகளாகக் கணக்கு ஓடும்.

ஹோட்டலில் சாவி வாங்கும்போது, பாயிண்ட் அறையானாலும் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது செலவு இல்லை, ஆனால் விடுவிக்கச் சில நாள் ஆகும், அதுவரை உங்கள் கிரெடிட் வரம்பில் குறைந்திருக்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் கணக்குப் பணமே முடங்கும், ஆகவே அதைக் கொடுக்காதீர்கள்.

திருட்டிலிருந்து காப்பது

பாயிண்டும் பணம்தான், அதனால் அதற்கும் திருடர்கள் இருக்கிறார்கள். "உங்கள் பாயிண்ட் இன்றோடு காலாவதியாகிறது, இந்த இணைப்பைத் தொட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகள் கார்டு எண்ணையும் ஓடிபியையும் பறிப்பதற்காகவே அனுப்பப்படுபவை. இணைப்பைத் தொடாமல் வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். ஹோட்டல் கணக்கிலும் மைல் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். நிறையப் பேர் வங்கிக் கணக்குக்குக் காட்டும் எச்சரிக்கையை இவற்றுக்குக் காட்டுவதில்லை.

திரும்பி வந்த வாரம்

ஸ்டேட்மெண்ட் வந்ததும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஹோட்டல் பிடித்துவைத்த தொகை விடுபட்டதா, ரத்து செய்த அறைக்கு ஏதும் பிடித்திருக்கிறார்களா, பயணத்தில் செய்த செலவுக்குச் சரியான பாயிண்ட் ஏறியதா. பணம் கொடுத்துப் போன விமானத்துக்கு மைல் சேரவில்லையென்றால் போர்டிங் பாஸும் டிக்கெட் எண்ணும் வைத்து நிறுவனத்தின் தளத்திலேயே கோரலாம். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் போர்டிங் பாஸை மைல் ஏறும் வரை தூக்கிப் போட வேண்டாம். ஹோட்டலில் பாயிண்ட் இரவுகளுக்குப் பாயிண்ட் சேராது, ஆனால் அங்கே சாப்பிட்டு அறைக் கணக்கில் எழுதிய பில்லுக்குப் பல குழுமங்களில் சேரும். அது விடுபட்டிருந்தாலும் ஒரு மின்னஞ்சல் போதும், பில்லின் நகலை இணைத்து அனுப்புங்கள்.